யோகராஜா கீறிய வேலி

சட்டன் ஸ்டேஷனில் காலை ஏழு பன்னிரண்டு ட்ரெயினுக்கு நிற்கிறவர்களில், பிளாட்பாரத்தின் கடைசி விளக்குக் கம்பத்தடியில் ஒருவர் நிற்பார். கறுப்பு ஜாக்கெட், முதுகில் ஒரு பை, கையில் சாப்பாட்டுப் பெட்டி. அந்த இடத்தை விட்டு ஓரடி இங்காலோ அங்காலோ விலகமாட்டார். ட்ரெயின் கதவு சரியாக அந்த இடத்தில்தான் வந்து திறக்கும் என்பதை ஒரு மாதம் நின்று பார்த்துக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அவர்தான் யோகராஜா. பதினெட்டு வருடமாக அவருக்குப் பக்கத்தில் நிற்கிறவன் நான். அவர் அந்த வேலியை மாற்றிக் கீறியது என் சொல்லைக் கேட்டுத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, மாஸ்டர் தன்னைப் பற்றி மூச்சே விடவில்லை என்று யாரும் குறை சொல்லவேண்டாம்.

மாஸ்டர் என்பது நான்தான். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், அதனால் அந்தப் பெயர். மற்ற ஐந்து நாளும் ஒரு கவுன்சில் அலுவலகத்தில் பார்க்கிங் அபராதத்துக்கு எதிராக வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன். நாள் முழுக்கப் பேச்சு வாங்கும் உத்தியோகம். அதனாலோ என்னவோ, யாராவது ஆலோசனை கேட்டால் எனக்கு வாய் சும்மா கிடக்காது. கேட்காவிட்டாலும் கிடக்காது.

யோகராஜா படம் கீறுகிறவர். ஊரில் நில அளவை அலுவலகத்தில் படவரைஞராகத் தொடங்கியவர். தொண்ணூற்றொன்பதில் லண்டனுக்கு வந்து ஆறு வருடம் பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் அடித்தார். இடையில் மாலைக் கல்லூரிக்குப் போய்க் கம்ப்யூட்டரில் படம் கீறப் பழகி, சதர்க்கில் ஒரு கம்பனியில் சேர்ந்தார். தூதரகங்கள், எண்ணெய்க் கம்பனிகளின் முகாம்கள், பணக்காரரின் வீட்டு வளவுகள் இவற்றுக்குச் சுற்றுமதிலும் வாசலும் காவற்கூடமும் திட்டமிடும் கம்பனி. சுருக்கமாகச் சொன்னால் வேலி கீறும் கம்பனி. ஆபத்தான இடம் எது என்று கம்பனி கண்டுபிடிக்கும், யோகராஜா அதைச் சுற்றிக் கோடு போடுவார்.

வேலி பற்றி எங்கள் ஆட்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரு சாண் எல்லைக்காக அண்ணனும் தம்பியும் பதினைந்து வருடம் கோர்ட்டுக்கு நடப்பார்கள். ஆனால் அதே வேலியில் ஒரு பொட்டு இருக்கும். பொட்டு என்றால் ஓர் ஆள் குனிந்து போய்வரக்கூடிய இடைவெளி. தண்ணீர் அள்ளவும் நெருப்புப் பெட்டி வாங்கவும் அந்த வழியால்தான் போவார்கள். வழக்குப் பேசுகிறவன்கூட அதை அடைக்கமாட்டான். அடைத்துவிட்டால் அது செத்தவீட்டுக்கும் போகாத பகை, பிறகு தீராது.

யோகராஜாவின் தகப்பன் செத்ததும் ஒரு பாதை அடைபட்டதால்தான். அவர்கள் கட்டுவன் என்ற ஊர் ஆட்கள். தொண்ணூறில் சண்டை முற்றியபோது அவர்களின் ஒழுங்கை, அந்த ஒடுங்கிய சந்து, முடிகிற இடத்தில் முள்ளுக்கம்பி விழுந்தது. தகப்பனின் வெங்காயத் தோட்டம் கம்பிக்கு அங்கால் போய்விட்டது. போகவேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் ஓம், சரி என்றார். மூன்றாம் நாள் விடிய மண்வெட்டியோடு தண்ணீர் கட்டப் போய்விட்டார். சண்டித்தனம் ஒன்றுமில்லை, முப்பது வருடப் பழக்கம். கால் தன்பாட்டில் போய்விட்டது. அங்கேயே வெடிபட்டுச் செத்தார், யாருடைய வெடி என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. இந்தக் கதையை யோகராஜா எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் கிளாப்பம் ஜங்ஷனில் ட்ரெயின் நாற்பது நிமிடம் நின்றுபோன ஒரு நாளில்.

போன வருடத்துக்கு முதல் வருடம் அவர் மேசைக்கு ஒரு பெரிய வேலை வந்தது. நாட்டின் பெயரை எழுதவேண்டாம் என்று யோகராஜா கேட்டிருக்கிறார், வெளியே சொல்வதில்லை என்று கம்பனிக்குக் கையெழுத்து வைத்துக் கொடுத்த ஆள். எழுதவில்லை. ஒரு பணக்கார நாட்டில் பெரிய ரக்பி லீக் போட்டி ஒன்று நடக்கிறது. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர், பந்தோடு ஓடுகிறவனை ஆறு தடவை விழுத்திவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்கு. அந்தப் போட்டியைக் கடலுக்கு அங்கால் இருக்கும் அயல்நாட்டுக்குள்ளும் கொண்டுபோகப் போகிறார்கள், அந்த நாட்டுக்கு ஒரு புதுக் கழகம். வளர்ந்துவரும் நாடு என்று ஃபைலில் எழுதியிருந்ததாம். ஏழை நாடு என்று நான் எழுதுகிறேன். அந்தச் சனத்துக்கு இந்த விளையாட்டு என்றால் தேர்த்திருவிழா மாதிரி. வீட்டில் தண்ணீர்க் குழாய் இருக்காது, ஆனால் பிள்ளைகளுக்கு அணியின் தொப்பி இருக்கும்.

ஆனால் பணக்கார நாட்டு ஆட்டக்காரர்கள் பெண்சாதி பிள்ளையோடு அங்கே போய் இருக்கப் பயந்தார்கள். ஆகவே அவர்களுக்கென்று தனியே ஒரு சிறிய ஊர் கட்டவேண்டும். வீடுகள், நீச்சல் தடாகம், பள்ளிக்கூடம், பயிற்சி மைதானம். எல்லாவற்றையும் சுற்றிப் பன்னிரண்டடி வேலி. அந்த வேலியைக் கீறுவது யோகராஜாவின் பொறுப்பு. மேலே இருந்து பார்த்துக்கொள்கிறவர் மாதவன், கோயம்புத்தூர் என்ஜினியர், நல்ல பிள்ளை, யோகராஜாவைவிட இருபது வயது இளையவர், சார் என்றுதான் கூப்பிடுவார்.

சட்டலைட் படத்தில் யோகராஜா முதலில் கண்டது ஒரு வெள்ளைக் கோடு. நிலம் ஒரு மலைச்சரிவு. மேலே தகரக்கூரை வீடுகள் நெருக்கமாக, கீழே ஓர் ஓடை. இரண்டுக்கும் நடுவில், கட்டப்போகும் வளவின் கிழக்கு மூலையை வெட்டிக்கொண்டு அந்தக் கோடு இறங்கியது. ஒற்றையடிப் பாதை. ஓரிடத்தில் காரணமில்லாமல் வளைந்து திரும்பியது. முன்பு அங்கே ஒரு மரம் நின்றிருக்கவேண்டும், மரம் போன பிறகும் சனம் அதைச் சுற்றித்தான் நடக்கிறது என்று யோகராஜா கண்டுபிடித்தார். அவ்வளவு பழைய பாதை. கொடுத்த வரைபடத்தில் அது இல்லை. தண்ணீர் அள்ளும் பாதையை வரைபடத்தில் யார் போடுகிறார்கள்?

இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவர் ஒரு வேலை செய்தார். வேலியின் கிழக்கு மூலையில் ஒரு பொட்டு வைத்தார். அதிலிருந்து இரண்டு பக்கமும் வேலி போட்டு நாலடி அகலத்தில் ஓர் ஒழுங்கை, கீழே அங்கால் இன்னொரு பொட்டு. மேலே இருந்து வருகிறவன் வளவுக்குள் கால் வைக்காமல் அதற்குள்ளால் நடந்து ஓடைக்குப் போகலாம். லண்டனில் ஆயிரம் படவரைஞர் இருப்பார்கள். ஒருவரும் கேட்காமல் இதைச் செய்யக்கூடியவர் எங்கள் ஆள் ஒருவர்தான்.

படத்தின் மூலையில் ஒரு சிறிய அட்டவணை இருக்குமாம். எந்த மாற்றம் செய்தாலும் அதில் ஓர் எழுத்து, திகதி, செய்தவரின் பெயரெழுத்து, காரணம். பி என்ற மாற்றத்துக்கு நேரே யோகராஜா தன் எழுத்தைப் போட்டு, பொதுமக்கள் பாதை என்று காரணம் எழுதினார். மாதவன் பார்த்தார், யோசித்தார், நல்லதுதானே சார் என்று விட்டுவிட்டார். கழகத்துக்காரரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள். அன்று பிளாட்பாரத்தில் யோகராஜா எனக்குத் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து இரண்டு ரோல்ஸ் எடுத்துத் தந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் கண்டதில்லை.

அந்தச் சந்தோஷம்தான் ஆளைக் கெடுத்தது. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். வீட்டில் சாப்பாட்டு மேசையில் மகளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மகள் சயந்தினி ஒரே பிள்ளை. இருபத்தேழு வயது, பிசியோதெரபிஸ்ட். தென்லண்டனில் ஒரு சின்ன ரக்பி லீக் கழகத்தில் கால் சுளுக்குக்கும் தோள் விலகலுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கழகத்தில் பார்வையாளரைவிடக் கடற்புறாக்கள் அதிகம் என்று பகிடி பண்ணுவாள். ஒப்பந்தம் முடிகிற நேரம். தகப்பன் வாயால் புதுக் கழகத்தைப் பற்றிக் கேட்டவள் அடுத்த கிழமையே தேடிப் பிடித்து விண்ணப்பம் போட்டாள், இரண்டு தடவை வீடியோவில் பேசினாள். மார்ச் மாதம் வேலை கிடைத்துவிட்டது. இரண்டு வருட ஒப்பந்தம், இருப்பிடம் அந்த வளவுக்குள்ளேயே.

தாய் வத்சலா அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை. போனில் அந்த நாட்டின் பெயரைப் போட்டுத் தேடி, வந்ததையெல்லாம் வாசித்திருக்கிறார். கொள்ளை, கலவரம், வெட்டு. இணையத்தில் சட்டனைத் தேடினாலும் அதுதான் வரும் என்று மகள் சிரித்திருக்கிறாள். வத்சலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலி பலமானதா என்று மட்டும் புருஷனிடம் கேட்டிருக்கிறார். பலம்தான் என்றாராம். எங்கேயாவது ஓட்டை இருக்கா என்று அடுத்த கேள்வி. யோகராஜா குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த நாள் காலை விளக்குக் கம்பத்தடியில் அவர் முகம் கறுத்துக் கிடந்தது. எல்லாவற்றையும் சொன்னார். பொட்டு அடைபட்டால் அந்தச் சனம் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். பொட்டுத் திறந்து கிடந்தால் அதற்குள்ளால் தண்ணீர்க்குடம் மட்டும்தான் வரும் என்பதற்கு யார் உத்தரவாதம்? இதுவரை அவர் கீறிய வேலி எதற்குள்ளும் அவருடைய ஆள் ஒருவரும் இருந்ததில்லை. இப்போது சொந்தப் பிள்ளை இருக்கப் போகிறது.

"மாஸ்டர், நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார்.

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பார்க்கிங் கடிதத்துக்குக்கூட இரண்டு தடவை வாசித்துத்தான் பதில் எழுதுகிறவன் நான்.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும். முதல்ல உம்மட பிள்ளையைப் பாரும். அந்தப் பொட்டை அடைச்சுவிடும்."

அவர் ஓம் என்று தலையாட்டினார். அவருடைய தகப்பனும் ஓம் என்றுதான் சொன்னவர் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. ட்ரெயின் வந்தது, கதவு நேரே திறந்தது, ஏறிக்கொண்டோம்.

அன்றே பொட்டை அழித்தார். ஒழுங்கையையும் அழித்தார். அட்டவணையில் சி என்ற எழுத்து, திகதி, அவர் பெயரெழுத்து. காரணம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் தேவையில்லை என்ற ஒரே சொல். மாதவன் மறுபடியும் பார்த்தார், மறுபடியும் விட்டுவிட்டார். கழகத்துக்காரருக்கு இது இன்னும் பிடித்துக்கொண்டது, ஏனென்றால் கிழக்கு மூலையில் இப்போது ஒரு துண்டு நிலம் மிச்சம். அதில் ஊழியர்களுக்கு எட்டு அறை கொண்ட ஒரு கட்டடத்தைக் கட்டிடக் கலைஞர்கள் கொண்டுவந்து வைத்தார்கள். பாதை வளைந்து திரும்பிய இடத்தில் அறைகளும், அதன் பின்பக்கம் எட்டடி தள்ளி வேலியும். அந்தப் படத்தையும் யோகராஜாதான் கீறி முடித்தார். அறைகள் யாருக்கு என்று அதில் எழுதியிருக்கவில்லை.

சனவரியில் சயந்தினி புறப்பட்டாள். முதல் நாள் லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போனோம், நானும்தான். அவள் பிறந்த அவிட்ட நட்சத்திரத்துக்கு அர்ச்சனை. ஹீத்ரோவில் வத்சலா மகளின் கையைப் பிடித்தவர் விடவில்லை. யோகராஜா ஒரு பக்கமாக நின்று பெட்டியின் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எல்லோரையும் கட்டிப்பிடித்துவிட்டு, "போயிட்டு வாறன்" என்று தமிழில் சொன்னாள். ஆங்கிலத்தில் பேசுகிற பிள்ளை அன்றைக்கு அதை மட்டும் தமிழில் சொன்னது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

அங்கே பின்னேரம் ஐந்து மணி என்றால் எங்களுக்குக் காலை ஏழு. வேலை முடித்து அறைக்கு வந்ததும் தகப்பனுக்குப் போன் எடுப்பாள். அவர் பிளாட்பாரத்தில் நிற்பார், நான் பக்கத்தில் நிற்பேன், போனைச் சத்தமாக விடுவார். அதனால் எல்லாம் எனக்கும் தெரியும். முதல் மாதம் நல்ல கதைகள்தான். மாம்பழம் காற்சட்டைப் பைக்குள் அடங்காத அளவு பெரிது, ஆட்டக்காரர்கள் ஊசிக்குப் பயப்படுகிறார்கள், வேலிக்கு வெளியே சின்னப் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலைப் பந்தாக்கி ரக்பி ஆடுகிறார்கள். அவளுக்குக் கிடைத்தது கடைசி அறை, கிழக்கு மூலை. அதைக் கேட்டபோது யோகராஜா என் முழங்கையைப் பிடித்தார்.

பெப்ரவரியில் ஒரு காலை அவள் வேறொன்று சொன்னாள். அவளுடைய ஜன்னலுக்கு நேரே, வேலிக்கு அங்கால், பின்னேரங்களில் ஆட்கள் வந்து நிற்கிறார்களாம். பெண்கள்தான் அதிகம். கையில் வாளியும் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் கானும். சத்தம் போடுவதில்லை, கல் எறிவதில்லை. கொஞ்ச நேரம் நின்று வேலியைப் பார்த்துவிட்டு, மேற்குப் பக்கமாக நீண்ட வழி சுற்றிப் போகிறார்களாம். சிலர் அணியின் தொப்பி போட்டிருக்கிறார்கள். கண்டால் கை காட்டுவேன், முதலில் திருப்பிக் காட்டினார்கள், இப்போது காட்டுவதில்லை என்றாள்.

பிறகு கான் தாத்தா. அந்தப் பெயர் அவள் வைத்தது. எழுபது எண்பது வயதுக் கிழவர், நீலக் கான் ஒன்றோடு தனியே வருவார். மற்றவர்கள் சுற்றிப் போகப் பழகிவிட்டார்கள், இவர் மட்டும் ஒவ்வொரு நாளும் நேரே இறங்கி வந்து, வேலியில் முட்டிக்கொண்டு நின்று, ஏதோ மறந்ததுபோலத் தலையைத் தடவிவிட்டுத் திரும்புவார். அவள் பாஷை தெரிந்த ஒரு சமையற்காரரைக் கூட்டிக்கொண்டு போய், ஏன் தாத்தா ஒவ்வொரு நாளும் இங்கே வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். நான் வரவில்லை, என் கால் கொண்டுவந்து விடுகிறது என்றாராம் கிழவர். வேலிக்கு மேலால் ஒரு கான் தண்ணீர் எறிந்து கொடுக்க ஏலாதா என்று அவள் சிரித்துக்கொண்டு எங்களைக் கேட்டாள்.

யோகராஜா போனை என் கையில் தந்துவிட்டு, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அவருக்கு நெஞ்சுநோ வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். சயந்தினி அப்பா, அப்பா என்றாள். ட்ரெயின் சத்தம் பிள்ளை, பிறகு எடுப்பார் என்று பொய் சொல்லி வைத்தேன்.

அன்று அவர் நேரே மாதவனிடம் போனார். பொட்டைத் திரும்பவும் வைக்கவேண்டும் என்றார். மாதவன் அட்டவணையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாராம்.

"சார், போட்டதும் நீங்க, எடுத்ததும் நீங்க. இப்ப கட்டடமே வந்தாச்சு. நான் கிளையன்ட் கிட்ட என்னன்னு சொல்றது?"

அந்தப் பிள்ளை கேட்டதில் பிழையில்லை. ஆனாலும் தட்டிவிடவில்லை. எழுத்தில் தாருங்கள், அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். யோகராஜா இரண்டு பக்கம் எழுதினார். ஆங்கிலத்தை நான்தான் திருத்திக் கொடுத்தேன், இந்த விஷயத்தில் இரண்டாவது தடவையும் என் கை. கிழக்கு மூலையில், ஊழியர் கட்டடத்தின் கடைசி அறைக்கு நேரே, பழைய பாதை ஒன்று வந்து முட்டுகிறது. சனம் பழக்கத்தில் அங்கே வரும், வேலியைத் தாண்டவும் பார்க்கும். அதை அழித்தது என்னுடைய தவறு. திறந்துவிடுங்கள். அந்த இடம் வேலியில் எத்தனையாவது தூண் என்பதைக்கூட எழுதினோம். ஒரு தூண் பிசகினாலும் வேறெங்கோ திறந்துவிடுவார்கள் என்ற பயம்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. மரியாதையான பதில். பலவீனமான இடத்தைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி என்று கழகத்தின் பாதுகாப்புப் பிரிவு எழுதியிருந்தது. வேலியைத் திறப்பதற்கில்லை. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட தூணடியில் துப்பாக்கியோடு ஒரு காவலாளியை நிறுத்தியிருக்கிறோம்.

அதை ட்ரெயினில் எனக்கு வாசித்துக் காட்டினார். ஒரு தடவை வாசித்தார், கடதாசியை மடித்தார், திரும்ப விரித்து வாசித்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நல்ல ஆங்கிலத்தில் அந்தத் துப்பாக்கியைக் கூப்பிட்டு அந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். மகளைத் திரும்பி வரச்சொல்லும் என்றேன் கடைசியில். நேற்றே கேட்டாராம். ஏன் என்று கேட்டாளாம். காரணம் சொல்லாமல் எப்படி வரச்சொல்வது?

அதற்குப் பிறகு வந்த காலைகள் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகமிருக்கின்றன. ஏழு மணிக்கு முதல் அவர் போனைக் கையில் எடுத்துவிடுவார். மணி அடித்ததும் முதற்கேள்வி, தாத்தா வந்தவரோ என்பதுதான். வந்தவர், நின்றவர், போனவர் என்று அவள் சொல்லுவாள். அப்பாவுக்குத் தன்னைவிடக் கான் தாத்தாவில்தான் பாசம் என்று கோபித்தாள் ஒருநாள். காவலாளி அவரை அதட்டுகிறானாம், கிழவருக்குக் காதும் மந்தம் என்றாள் இன்னொரு நாள். அவரை வரவிடாமல் மறி பிள்ளை என்று யோகராஜா கெஞ்சினார். நான் எப்படி அப்பா மறிக்கிறது, வேலிக்கு இங்கால நிக்கிறன் என்றாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு புதன்கிழமை. வெயில் நன்றாக எறித்தது, பிளாட்பாரத்தில் சனம் ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தது. ஏழு ஐந்துக்கு மணி அடித்தது. சத்தமாக விட்டார். முதலில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா, கான் தாத்தாவைச் சுட்டுப்போட்டாங்கள்."

வேலியின் அடியில் யாரோ முதல் நாள் கொஞ்சம் வெட்டி வைத்திருந்திருக்கிறார்கள். கிழவர் வந்தார், முட்டினார், இடைவெளியைக் கண்டார், குனிந்தார். காவலாளி கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. சயந்தினி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பின்கதவால் ஓடிப்போய்த் துவாயால் காயத்தை அழுத்திப் பிடித்திருக்கிறாள், கால் சுளுக்குப் பார்க்கிற பிள்ளை. மடியிலேயே போய்விட்டார் என்றாள். கான் மட்டும்தான் அப்பா வைச்சிருந்தவர், வெறுங்கான் என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு அவள் குரல் மாறியது.

"பிளானில பாதை ஒண்டும் இல்லை எண்டு சொல்லுறான் செக்யூரிட்டி. நீங்கள்தானே பிளான் கீறினது. பாதை இருந்ததா?"

யோகராஜா என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லும், சொல்லித் தொலையும் என்று என் மனம் கத்தியது. வாயால் சொல்லவில்லை, அதற்காவது நன்றி.

"இருந்தது பிள்ளை. நான்தான் அழிச்சனான்."

"ஏன்?"

உனக்காக என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. அந்தச் சொல்லைச் சொன்னால் கிழவரின் சாவு போய் அவள் தலையில் இறங்கும். அது அவருக்குத் தெரிந்திருந்தது. மாஸ்டர் சொன்னவர் என்றும் சொல்லியிருக்கலாம், நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் அதையும் சொல்லவில்லை.

"தேவையில்லை எண்டு நினைச்சன்" என்றார்.

அங்கால் தூரத்தில் சனத்தின் சத்தம் கேட்டது, அழுகையும் பாட்டும் கலந்த மாதிரி. மேலே இருந்து ஆட்கள் இறங்கி வருகினம் என்றாள் சயந்தினி. நிறையப் பேர். அவள் எங்களுக்குச் சொன்ன மாதிரி இல்லை, தனக்குத்தானே சொன்ன மாதிரி இருந்தது. அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இரு என்று யோகராஜா கத்தினார், பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போன் வெட்டுப்பட்டுவிட்டது. ட்ரெயின் வந்து அவருக்கு நேரே கதவைத் திறந்தது, திறந்தபடி நின்றது, மூடிக்கொண்டு போனது. நாங்கள் ஏறவில்லை.

ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவர் எடுத்தபடியே இருந்தார், அடித்தபடியே இருந்தது. மூன்று மணித்தியாலம். பிறகு ஒரு மெசேஜ் வந்தது. கண்ணாடி இல்லாததால் என்னிடம் தந்தார், நான் வாசித்தேன். அவர்கள் வேலியைப் பிடுங்கிவிட்டு வந்து கிழவரைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். அவளை ஒன்றும் செய்யவில்லை. ஒரு பெண் அவள் கையிலிருந்த இரத்தத்தைத் தன் வாளித் தண்ணீரால் கழுவிவிட்டாளாம். கடைசி வரி ஆங்கிலத்தில் இல்லை, ஆங்கில எழுத்தில் தமிழ். நான் இருக்கிறன், இனி எனக்கு எடுக்காதேங்கோ.

இப்போது அவள் கழகத்தில் இல்லை. அந்த நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை, மேலே தகர வீடுகளுக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு அறை. ஞாயிறுகளில் தாய்க்கு எடுக்கிறாள். அப்பா பக்கத்தில் நிற்கிறார் என்று வத்சலா சொன்னால் வைத்துவிடுகிறாள், அதனால் அந்த நேரம் அவர் பூங்கா பக்கம் நடக்கப் போய்விடுகிறார். காவலுக்கு ஆள் கூட்டி, வேலியை இரண்டு மடங்காக்கும் வேலை சதர்க் கம்பனிக்கு வந்ததாம். மாதவன் அதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

நாங்கள் இன்னும் ஏழு பன்னிரண்டுக்குத்தான் நிற்கிறோம். ஏழு மணிக்குக் கொஞ்சம் முதல் யோகராஜா போனை எடுத்துச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார். நான் பக்கத்தில் நிற்கிறேன். போன் அடிக்காது, ட்ரெயின் கதவு நேரே வந்து திறக்கும், அவர் போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஏறுவார்.